புல்வெட்டும் மெஷினும் எத்தனால் பெட்ரோலும்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. தினமும் ஓடும் பைக்கில் பெட்ரோல் தேங்கி நிற்காது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் புல்வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் பவர் ஸ்ப்ரேயர், ஜெனரேட்டருக்குத்தான் ஆபத்து.

எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் இது இன்னும் மோசம்: ஆயில் மேலேயுள்ள பெட்ரோலோடு நின்றுவிடுவதால், ஆயில் இல்லாத கலவை போய் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிரிந்த பெட்ரோலைக் குலுக்கிப் பயன்படுத்தவே கூடாது.

வேலை முடிந்து பல வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்யுங்கள். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். ஜெனரேட்டராக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் சிறு துளை) அடைப்பது அந்த மிச்சத்தால்தான். வெடித்த, உப்பிய பெட்ரோல் டியூபை எத்தனால் தாங்கும் டியூபாக மாற்றுங்கள். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

எத்தனால் எவ்வளவு என்று பார்க்க, அளவுக் குழாயில் 10 மி.லி. தண்ணீரும் 90 மி.லி. பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி அசையாமல் வையுங்கள். அடியில் பிரிந்து நிற்கும் அடுக்கு 28 மி.லி. அளவுக்கு வந்தால் எத்தனால் சுமார் 20 சதவீதம். அடுப்பு, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.