களவு போன கார் திரும்பக் கிடைத்தால்: ஓட்ட முதல் செய்யவேண்டியவை

"ஒரு கீறலும் இல்லையாம், ரெண்டு தெரு தள்ளி நிண்டதாம். அப்ப ஆரோ தெரிஞ்ச ஆள்தான்." இங்கே கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எந்தக் கலியாண மண்டபத்துக்குப் போனாலும் இப்படி ஒரு கதை காதில் விழும். அதற்கடுத்த வசனம் இன்னும் மோசம்: காப்புறுதிக் காசுக்காக அவரே திறப்பைக் (சாவியை) குடுத்திருப்பார். நான் கராஜ் வைத்திருக்கிறவன். களவு போய்த் திரும்பிவந்த கார்களைத் தூக்கி வைத்துப் பார்த்த அளவில் சொல்கிறேன், இந்தச் சந்தேகத்தில் பெரும்பகுதி, திருடர்களின் தொழில்முறை தெரியாததால் வருவது.

எடுத்த காரை அவர்கள் பெரும்பாலும் அன்றிரவே துறைமுகத்துக்குக் கொண்டுபோவதில்லை. பக்கத்தில் ஒரு ஒழுங்கையிலோ அடுக்குமாடி வாகனத் தரிப்பிடத்திலோ விட்டுவிட்டு ஓரிரு நாள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். காருக்குள் இடத்தைக் காட்டும் ட்ராக்கர் ஒளித்துவைத்திருந்தால் பொலிசோ உரிமையாளரோ தேடி வருவார்கள். ஒருவரும் வராவிட்டால்தான் அது கொள்கலனுக்குள் ஏறும். 2024 ஏப்ரலில் பொலிசார் ‘புரொஜெக்ட் வெக்டர்’ என்ற கார்க் களவுத் தடுப்பு நடவடிக்கையின் கணக்கை வெளியிட்டபோது, மொன்றியல் துறைமுகத்தில் மீட்ட வாகனங்கள் 598 என்றார்கள். அதில் பெரும்பாலானவை எங்கள் ஒன்ராறியோவில் களவெடுத்தவை. ஆகவே கீறல் விழாமல் பக்கத்துத் தெருவில் நிற்கும் கார், பயணத்தின் முதல் தரிப்பில் நிற்கும் கார். உரிமையாளரைச் சந்தேகிக்க அது மட்டும் போதாது.

கார் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்

காரில் வைத்த எயார்ராக் என்ற சின்ன ட்ராக்கர் அடுத்த பிளாசாவைக் காட்டுகிறது என்பதற்காக மற்றத் திறப்பையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எடுத்தவன் பார்த்துக்கொண்டு நிற்கலாம் என்பது ஒரு காரணம். மற்றது, பொலிஸ் கணினியில் அது இன்னும் களவு போன கார். நீங்களே ஓட்டிவந்தாலும் வீதியில் மறிக்கும் அதிகாரிக்கு நீங்கள்தான் திருடன். முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி இடத்தைக் கொடுங்கள். அவர்கள் மீட்ட பிறகும் ‘சிபிக்’ என்ற அந்தப் பொலிஸ் கணினிப் பதிவிலிருந்து கார் எடுபட்டுவிட்டதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அது எடுபடும்வரை ஓட்டவேண்டாம், ட்ரக்கில் ஏற்றி எடுப்பியுங்கள்.

நம்பர் பிளேட் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வேறொருவரின் பிளேட் பூட்டியிருந்தால் கழற்றாமல் பொலிசுக்குக் காட்டுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே தெரியும் 17 இலக்க வின் நம்பரும் (காரின் அடையாள எண்), சாரதிக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் நம்பரும், உங்கள் ஓனர்ஷிப் தாளில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். சீட்டுக்குக் கீழே வெறுங்கையை விட்டுத் துளாவாதீர்கள், ஊசி கிடக்கலாம். உங்களுடையதல்லாத எதையும் தொடாமல் படம் எடுங்கள்.

அழிக்க முதல் பதியுங்கள்

நான் அதிகம் சண்டை பிடிப்பது இந்த இடத்தில்தான். கார் வந்த சந்தோசத்தில் நேரே கராஜுக்குக் கொண்டுவந்து, "அண்ணை, டாஷில லைட் எல்லாம் எரியுது, கிளியர் பண்ணி விடுங்கோ" என்பார்கள். கிளியர் பண்ணினால் உங்களுக்காகப் பேசக்கூடிய சாட்சியும் போய்விடும்.

அது என்ன சாட்சி என்று விளங்க, கார் எப்படிப் போனது என்று விளங்கவேண்டும். பழைய வழி அலையை நீட்டுவது. கார் தன்னைச் சுற்றிக் கொஞ்சத் தூரத்துக்கு மட்டும், 125 கிலோஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலையில் திறப்பைக் கூப்பிடும். திறப்பு, இங்கே வட அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸில், பதில் சொல்லும். ஒருவன் அன்ரெனாவோடு உங்கள் வீட்டு வாசலில், மற்றவன் காரடியில். உள்ளே மேசையில் கிடக்கும் திறப்பு காருக்குப் பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். ஓடத் தொடங்கியபின் திறப்பு தூரப் போனாலும் எஞ்சின் நிற்காது, எச்சரிக்கைச் சத்தம் மட்டும்தான். ஆனால் ஒருமுறை நிறுத்தினால் திரும்பத் தொடக்க முடியாது. அதனால் ஸ்டியரிங்குக்குக் கீழே, நாங்கள் ஸ்கான் கருவி கொழுவும் ஓபிடி துவாரத்தில் கருவியைக் கொழுவி, தங்களுக்கென்று புதுத் திறப்பு ஒன்றைப் பதிந்துகொள்வார்கள்.

மற்ற வழிக்கு உங்கள் திறப்பே தேவையில்லை. இங்கிலாந்தின் லண்டனில் இயன் டேபர் என்பவர், தொழிலே கார்களின் கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சி, 2022-ல் தன்னுடைய ரொயோட்டா ராவ்4 காரின் பம்பர் இழுபட்டு ஹெட்லைட் வயர் கழன்றிருப்பதைக் கண்டார். ஆரோ வம்புக்குச் செய்த வேலை என்று முதலில் நினைத்தாராம். பிறகு காரே போய்விட்டது. ரொயோட்டாவின் செயலிக்குப் போயிருந்த பிழைப் பதிவுகளைக் கிளறியபோது, களவு நடந்த நேரத்தில் காரின் பல கணினிகள் ஒன்றோடொன்று தொடர்பை இழந்திருந்தன. ஹெட்லைட் வயர் வழியாக, காரின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் கான் பஸ் என்ற வயர் வலையமைப்புக்குள் ‘சரியான திறப்பு வந்துவிட்டது’ என்ற பொய்த் தகவலைத் திணித்திருக்கிறார்கள். அந்தக் கருவியை ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் பெட்டிக்குள் ஒளித்து விற்றிருக்கிறார்கள். பாட்டுப் பெட்டியோடு போகிறவனைப் பொலிஸ் ஏன் மறிக்கப்போகிறது?

ஆகவே ஸ்கான் கருவியைக் கொழுவியதும் ஒன்றையும் அழிக்காமல் முழு அறிக்கையையும் எடுத்துச் சேமிக்கச் சொல்லுங்கள். இரண்டு விசயம் முக்கியம். பல கார்களில், எத்தனை திறப்பு பதிவாகியிருக்கிறது என்று கருவி காட்டும். உங்களிடம் இரண்டு இருக்க அது மூன்று என்று காட்டினால், அந்தத் திரையை ஓடோமீட்டரோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். அடுத்தது, யூ என்ற எழுத்தில் தொடங்கும் தொடர்பிழப்புக் குறியீடுகள் கூட்டமாக இருக்கின்றனவா என்பது. முன் சில்லுக்கு மேலே உள்ள பிளாஸ்ரிக் மறைப்பையும் ஹெட்லைட் வயரையும் படம் எடுப்பது நல்லது.

அதற்காக இவை இல்லாவிட்டால் உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. கான் பஸ் வழியாக எடுத்தவன் புதுத் திறப்பு பதியாமலே ஓட்டிப்போயிருக்கலாம். யூ குறியீடுகள் பலவீனமான பற்றரியாலும் வரும். எல்லாம் சேர்ந்து ஒரு கதையைச் சொல்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

காப்புறுதிக்காரர் கேட்கும்போது

இரண்டு திறப்பையும் கேட்பார்கள். கோபப்படவேண்டாம். பொய்க் களவு சொல்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள், அது அவர்களுக்கும் தெரியும். ஒரு திறப்பை முன்னமே தொலைத்திருந்தால் தொலைத்தேன் என்றே சொல்லுங்கள். தெரியாததை ஊகித்துச் சொன்னால், பிறகு அந்த ஊகம் உங்கள் வாக்குமூலத்தில் ஓட்டையாக நிற்கும். அவர்கள் வந்து பார்க்க முதல் எதையும் திருத்தாதீர்கள். இழுத்துவந்த கூலிக்கும் தரிப்புக் கூலிக்கும் துண்டு வாங்கி வையுங்கள். காருக்கான காசை அவர்கள் ஏற்கெனவே தந்து முடித்த பிறகு கார் கிடைத்தால், அது பொதுவாக அவர்களுடைய கார்.

திருடனின் திறப்பை அழியுங்கள்

பதிவெல்லாம் எடுத்து, காப்புறுதிக்காரரும் சரி சொன்ன பின், காரின் நினைவிலுள்ள எல்லாத் திறப்புகளையும் அழித்து உங்கள் கையில் உள்ளவற்றை மட்டும் திரும்பப் பதியவேண்டும். கடைசியில் எண்ணிக்கையைக் கேட்டு, கண்ணால் பாருங்கள். இதைச் செய்யாவிட்டால் அவன் ஒருநாள் இரவு வந்து உங்களைப் போலவே கதவைத் திறந்து ஓட்டிக்கொண்டு போவான்.

கார் எந்த வீட்டுக்குச் சொந்தமென்று அவனுக்குத் தெரியும், ஓனர்ஷிப் தாளும் பிங்க் ஸ்லிப் என்ற காப்புறுதித் துண்டும் குளோவ் பெட்டிக்குள் இருந்தவைதானே. வீட்டுக் கராஜ் கதவு ரிமோட்டைக் காரில் பதிந்திருந்தால், கதவு மோட்டரிலேயே பழைய பதிவுகளை அழியுங்கள். திரையில் உள்ள கணக்குகள், வீட்டு முகவரி, இணைத்த ஃபோன்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். காரின் சொந்த ட்ராக்கிங் வேலைசெய்கிறதா என்று செயலியில் பாருங்கள்; திருடர்கள் அதன் பியூசைப் பிடுங்கிவிடுவது வழக்கம். அவன் விட்டுப்போன ட்ராக்கர் பம்பருக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் இருக்கலாம்.

இனிமேலுக்கு

திறப்பின் அலையை மறிக்கும் ஃபரடே பை வாங்குங்கள், ஆனால் திறப்பை அதற்குள் போட்டுக்கொண்டு கதவைத் தொட்டுச் சோதியுங்கள். மலிவான பைகள் கெதியில் பழுதாகும். பல ரொயோட்டா, லெக்ஸஸ் திறப்புகளில் பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டுதரம் அழுத்தினால் விளக்கு நாலுதரம் சிமிட்டி, திறப்பு பதில் சொல்வதை நிறுத்திவிடும். இதற்குக் காசும் இல்லை. ஆனால் பையும் இதுவும் அலையை நீட்டுகிறவனைத்தான் தடுக்கும், ஹெட்லைட் வயரால் வருகிறவனை அல்ல. அவனுக்கு ரகசிய இலக்கம் கேட்டு, அது இல்லாமல் காரை ஓடவிடாத இம்மொபிலைசரும், கண்ணுக்குத் தெரிகிற ஸ்டியரிங் பூட்டும் வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் இம்மொபிலைசரைத்தான் போடச் சொல்வேன்.

2024-ல் ரொறன்ரோ பொலிஸ் அதிகாரி ஒருவர், வீடு உடைத்து வருகிறவனோடு மோதாமல் இருக்கத் திறப்பை முன்வாசலடியில் வையுங்கள் என்று ஒரு கூட்டத்தில் சொல்லி, ஊரே கொந்தளித்தது. உயிர் பெரிதென்ற அவரின் கவலை விளங்குகிறது. ஆனாலும் வாசலடிதான் அன்ரெனாக்காரன் வந்து நிற்கும் இடம். அங்கே வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், சோதித்துப் பார்த்த பைக்குள் வையுங்கள்.