தாலி கட்டுமுன் கடன் கணக்கு: டர்பன் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சாட்ஸ்வொர்த் போன்ற பகுதிகளில் குறைந்த வருமானத்தில் வாழும் நம் குடும்பங்கள், திருமண மண்டபத்துக்காகக் கடன் வாங்கினாலும், அந்தத் திருமணம் எந்தச் சொத்து முறையில் பதிவாகிறது என்பதைக் கேட்பதில்லை. முதலில் அதைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, சொத்தும் கடனும் தனித்தனி என முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதாவிட்டால் இருவர் சொத்தும் இருவர் கடனும் ஒன்றாகிவிடும். மாப்பிள்ளை தவணையில் வாங்கிய சோபாவின் பாக்கி மணப்பெண்ணின் சம்பளத்தையும் தொடும்.

ஆகவே, நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்திலேயே இருவரும் சம்பளச் சீட்டுகளையும் கடைக் கணக்குகளையும் சமையலறை மேசையில் விரித்து வையுங்கள். (பெரியவர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும்.) கடன் அதிகமெனில், நோட்டரி வழக்கறிஞர் முன் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 3 மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் பதியச் செய்யுங்கள். மணவாழ்வில் சேர்ந்த சொத்து வளர்ச்சியை மட்டும் பிரிவின்போது பகிர்ந்துகொள்ள 1984ஆம் ஆண்டுத் திருமணச் சொத்துச் சட்டம் வழி தருகிறது. சம்பளமில்லாத மனைவிக்கு இதுவே நல்லது என்பேன்.

கவனம்: சிலர் கோயில் சடங்குக்குச் சில வாரம் முன்பே திருமணப் பதிவை முடித்துவிடுகிறார்கள். சட்டம் பார்ப்பது அந்தப் பதிவு நாளைத்தான். அதன்பின் சொத்து முறையை மாற்ற நீதிமன்றம் செல்ல வேண்டும். சடங்கை நடத்தும் குருக்கள் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி திருமண அதிகாரியாக நியமனம் பெற்றவரா என்றும் விசாரியுங்கள்.

அரசின் குழந்தை உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், மணமானவரின் துணை ஈட்டும் வருமானமும் சேர்த்தே பார்க்கப்படும். வருமான வரம்பும் மணமாகாதவருக்குரியதைப்போல் 2 மடங்காகும்.