மூக்கடைப்பு: சொட்டு மருந்தில் தொடங்கும் தவறுகள்

இரண்டு வருடம் என் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. ஜலதோஷம் பிடித்தபோது மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கியது. இரண்டு சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்ளும். ஜலதோஷம் போன பிறகும் அடைப்பு போகவில்லை. இரவில் ஒரு முறை போட்டது மூன்று முறை ஆனது, பிறகு பகலிலும் தேவைப்பட்டது. பாட்டில் தீர்வதற்குள் அடுத்ததை வாங்கி வைத்துக்கொள்வேன். கடைசியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனபோதுதான் விஷயம் புரிந்தது. மூக்கை அடைத்துக்கொண்டிருந்ததே அந்த மருந்துதான்.

சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகள் மூக்கின் உள்சவ்வில் இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. வீக்கம் வடிந்து காற்று போக வழி கிடைக்கிறது. ஆனால் நாள்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் சவ்வு முன்பைவிட அதிகமாக வீங்கும். அதை அடக்க மறுபடியும் சொட்டு, மறுபடியும் வீக்கம். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள். அதற்கு மேல் இந்த மருந்தைத் தொடரக் கூடாது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பயப்பட வேண்டாம், வெளியே வர முடியும். எனக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்து, முதலில் ஒரு பக்க மூக்கில் மட்டும் சொட்டை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பக்கம் தேறியதும் மறுபக்கம். முதல் வாரம் தூக்கமே இல்லை. அப்புறம் மூச்சு தானாக வந்தது.

இந்தப் பழக்கத்தில் பலர் விழுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவருக்கும் இரண்டு நாசியும் எப்போதும் ஒரே அளவுக்குத் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கச் சவ்வு வீங்கும், மறுபக்கம் சுருங்கும், பிறகு மாறிக்கொள்ளும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைப்பதும் சகஜம். இப்படி மாறி மாறி லேசாக அடைப்பதற்கெல்லாம் மருந்து வேண்டாம்.

ஸ்டீராய்டு ஸ்பிரே விஷயத்தில் நேர் எதிரான தவறு நடக்கிறது. ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்புக்கு நல்ல மருந்து அது. ஆனால் இரண்டு நாள் அடித்துப் பார்த்துவிட்டு ‘இது கேட்கவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், தினமும் விடாமல் போட வேண்டும். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டே ஒதுக்குபவர்களும் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் போடும்போது மூக்கிலிருந்து உடம்புக்குள் சேர்வது மிகக் குறைவு. அடிக்கும்போது குழாயின் நுனி இரண்டு நாசிக்கும் நடுவே இருக்கும் நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை என்று வைத்துக்கொண்டால் தானாகவே சரியாக வரும். நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, மூக்கு அடைத்தால் என்ன, வாயால் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவது. மூக்கு வெறும் துவாரம் அல்ல. உள்ளே போகும் காற்றை உடம்பின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்புகிறது. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு மூச்சோடு நுரையீரலுக்குப் போய் அங்குள்ள ரத்தக் குழாய்களை விரித்துக் கொடுக்கிறது. வாய் வழியாகப் போகும் காற்றுக்கு இந்த வேலையெல்லாம் சரியாக நடப்பதில்லை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது முக்கியம். வறண்ட காற்று நேராக இறங்கினால் மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு மூக்கு ஒவ்வாமையும் உண்டு. மூக்கைக் கவனிக்காமல் இன்ஹேலரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பாதி வைத்தியம்தான்.

குழந்தை வாயைத் திறந்து தூங்கினால், தினமும் குறட்டை விட்டால், ‘அவன் அப்பா மாதிரி’ என்று விட்டுவிடாதீர்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை பெருத்திருக்கலாம். தூக்கம் கெடும், காதில் நீர் கோத்துக் காது மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் கவனமில்லை என்று திட்டு விழும். அவனுக்கு உண்மையிலேயே காது கேட்டிருக்காது.

கைக்குழந்தைகள் விஷயத்தில் நம் வீடுகளில் அன்போடு செய்யும் ஒரு காரியத்தைக் கட்டாயம் நிறுத்த வேண்டும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதுவதும். எண்ணெய் நழுவி நுரையீரலுக்குள் போனால் இருமல்கூட வராமல் அங்கேயே தங்கி நிமோனியாவை உண்டாக்கும். முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும் என்பதால் மூக்கடைத்தால் பால் குடிக்கத் திணறும் என்பது சரிதான். அதற்குக் கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டுகள் போதும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டு நெஞ்சில் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் உடம்பில் ஏறினால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். சளி மருந்துகளில் குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டில் இருக்கும் பாட்டிலின் லேபிளைப் படித்துப் பாருங்கள்.

பெரியவர்கள் ஆவி பிடிப்பதில் தவறில்லை, இதமாக இருக்கும். தைலத்தின் மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுவதால் மூக்கு திறந்ததுபோலத் தோன்றும், அடைப்பு மட்டும் அப்படியே இருக்கும். ஆனால் கொதிக்கும் பாத்திரத்துக்கு முன்னால் போர்வைக்குள் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்து அதிகம். உப்புநீரால் மூக்கைக் கழுவுபவர்கள் குழாய்த் தண்ணீரை நேரடியாக எடுக்க வேண்டாம், கொதிக்க வைத்து ஆறிய நீர்தான் வேண்டும். அந்தத் தண்ணீரில் மூளையைத் தாக்கும் அமீபா என்ற கிருமி இருக்கலாம். குடித்தால் அது ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து.

சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள், வைரஸ் சளியும் அந்த நிறத்துக்கு மாறும். பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடியும் காய்ச்சலோடு அதிகமானது என்றால் மருத்துவரைப் பாருங்கள். சிந்தும்போது ஒவ்வொரு பக்கமாக, மெதுவாக.

ஒரு பக்கம் மட்டும் விடாமல் அடைத்து ரத்தமும் வரும் பெரியவர் தள்ளிப்போடக் கூடாது. குழந்தைக்கு ஒரே மூக்கில் நாற்றத்தோடு சளி ஒழுகினால் உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ மாட்டியிருக்கலாம். அது பொத்தான் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே நடுத்தண்டை அரித்துவிடும். நீங்களே ஹேர்பின்னால் எடுக்கப் பார்க்காமல், ராத்திரி ஆனாலும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.