வைட்பேண்ட் எண்ணை நம்புவதற்கு முன்

வைட்பேண்ட் என்பது சைலன்சர் குழாயில் ஆக்சிஜனை அளந்து, இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்தன என்று காட்டும் சென்சார். அதன் எண்ணை வைத்துப் பெட்ரோல் அளவைத் திருத்த லேப்டாப்பைத் திறக்கும் முன் நான் காரின் அடியில்தான் குனிவேன். சைலன்சர் குழாயில் சென்சாருக்கு முன்னால் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, கலவையை உள்ளதைவிட மெலிந்ததாக, அதாவது பெட்ரோல் குறைவானதாகக் காட்டும். ஒருமுறை அப்படிக் காட்டிய 15.5-ஐ (எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 15.5 பங்கு காற்று) நம்பி ஒரு மாலை முழுக்க பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் நான்கிலும் கரி, பெட்ரோல் அதிகமானதன் அடையாளம். கோளாறு, குழாய் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட்டில். மிஸ்ஃபயர் ஆனாலும் (கலவை சரியாக எரியாமல் போனாலும்) இதே பொய்தான் வரும். எரிப்பில் செலவாகாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறுகிறது அல்லவா?

இன்ஜின் நன்றாகச் சூடானதும் தொடங்குங்கள். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ தானாகச் செய்யும் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, அது மறுபக்கம் இழுக்கும். ஒரே ஆர்பிஎம், ஒரே லோடில் (இன்ஜின் மீதான சுமையில்) சில நொடிகள் பிடித்து வைத்துப் படியுங்கள். இன்ஜினிலிருந்து வரும் புகை, சென்சாரை வந்தடையச் சற்று நேரமாகும். ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் தெரிவது பழைய எண்.

கணக்கு எளிது: படித்த விகிதத்தை இலக்கால் வகுத்து, விஇ டேபிளில் (ஒவ்வொரு ஆர்பிஎம், லோடிலும் இன்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று இசியூவில் உள்ள அட்டவணை) அந்தக் கட்டத்தின் மதிப்போடு பெருக்குங்கள். மதிப்பு 60, படித்தது 14.0, இலக்கு 12.8 என்றால் புதியது 65.6.

டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு முழு மிதியில் 12.5 முதல் 13 வரை வைப்பேன். நிதான ஓட்டத்துக்கு 14.7 ஒட்டி. முழு மிதியில் 14-ஐத் தாண்டினால் உடனே காலை எடுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். தனியாக இருந்தால் லாக் எடுத்து (அளவுகளை லேப்டாப்பில் பதிவு செய்து), வண்டியை நிறுத்தியபின் படியுங்கள்.