காலையில் நோட்டு எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

காலையில் எழுந்ததும் மனதில் ஓடுவதை எழுதிவைக்க ஜனவரி ஒன்றாம் தேதி ஆரம்பித்த நோட்டு, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதே பரணுக்கு ஏறிவிடுவது புதிதில்லை. பத்து நாள் எழுதியவர் ‘ஜர்னலிங் எல்லாம் நமக்கு ஒத்து வராது’ என்று முடிவு கட்டிவிடுவார். அந்தப் பத்து நாள் பக்கங்களைப் புரட்டினால் காரணம் அதிலேயே இருக்கும். தலையில் கிடக்கிற பாரத்தை இறக்கிவைக்க வேண்டிய இடத்தில், அவர் யாரோ படித்து மார்க் போடப் போகிற மாதிரி எழுதியிருப்பார்.

பள்ளிக்கூடத் தமிழில் எழுதுவது

சறுக்கல்களில் இதுதான் பெரியது. பேனாவை எடுத்ததும் நமக்குப் பத்தாம் வகுப்புக் கட்டுரை ஞாபகம் வந்துவிடுகிறது. நாள் முழுக்க ‘சொல்லுதேன்’, ‘கெடக்கு’, ‘வெள்ளன’ என்று பேசுகிற திருநெல்வேலிக்காரர், நோட்டில் மட்டும் இப்படி எழுதுகிறார்:

“இன்று அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்தேன். வானம் மேகமூட்டமாகக் காணப்பட்டது. நேற்று அலுவலகத்தில் நடந்த நிகழ்வு மனதிற்கு வருத்தமளித்தது. இருப்பினும் நேர்மறையாகச் சிந்திக்க வேண்டும்.”

நாலு வாக்கியம் ஆயிற்று. என்ன நடந்தது என்று ஒன்றிலும் இல்லை. அதே ஆள், அதே காலையில், வாய்க்கு வந்தபடி எழுதினால் எப்படி இருக்கும்?

“வெள்ளன முழிப்பு வந்துட்டு. நேத்து எல்லாரு முன்னாலயும் பைலைத் தூக்கி மேசைல போட்டாரு பாரு, அந்தச் சத்தம் இன்னும் காதுல கெடக்கு. கோவம் அவரு மேலயா? இல்ல. பக்கத்து சீட்டுக்காரன் சிரிச்சாம்லா, அதான். அவன் ஏன் சிரிச்சான்? போன மாசம் அவன் லீவு கேட்டப்ப நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டு வரல. ஆமா. அது எம்மேலதான் தப்பு.”

முதல் வகையில் ‘வருத்தமளித்தது’ என்ற ஒரே சொல் கோபம், அவமானம், குற்ற உணர்வு மூன்றையும் சேர்த்துப் போர்வை போட்டு மூடிவிட்டது. இரண்டாவதில் கேள்வி தானாக வந்தது, பதிலும் பின்னாலேயே வந்தது. நமக்கு நினைப்பு ஓடுவது பேச்சுத் தமிழில். அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றுகிற அந்த ஒரு நொடியில், சபையில் சொல்லத்தக்கது எது என்று மனம் பொறுக்கி எடுத்துவிடும். மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். அதனால் ஒற்று மிகுமா மிகாதா, சின்ன ‘ர’வா பெரிய ‘ற’வா என்றெல்லாம் பார்க்க வேண்டாம். ‘டென்ஷன்’ என்று வந்தால் டென்ஷன் என்றே எழுதுங்கள், ‘மன இறுக்கம்’ தேடப் போனால் கை நின்றுவிடும். ஒன்றும் வரவில்லையா? ‘ஒண்ணும் தோணல’ என்றே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு போங்கள். நாலைந்து தடவைக்குள் எரிச்சலிலாவது வேறு ஏதோ வந்துவிடும்.

கதை, கவிதை எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. நல்ல வரி ஒன்று விழுந்ததும் அதைச் செதுக்க உட்கார்ந்துவிடுவார்கள். ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போய்விடுவதுதான் சரி. செதுக்கும் வேலைக்குச் சாயங்காலம் இருக்கிறது.

முதல் நாளே மூன்று பக்கம்

காலையில் மூன்று பக்கம் என்ற கணக்கு, அமெரிக்க எழுத்தாளர் ஜூலியா கேமரன் 1992-இல் வெளியிட்ட ‘தி ஆர்டிஸ்ட்ஸ் வே’ என்ற நூல் வழியாகப் பரவியது. கையால், நிறுத்தாமல், தோன்றியதை எழுதுவதுதான் அந்த முறை. முறை நல்லதுதான், நாம் அதை எடுத்துக்கொள்கிற விதத்தில்தான் இடறுகிறோம். லாங் சைஸ் நோட்டில் தமிழில் ஒரு பக்கம் நிறையப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும். மூன்று பக்கத்துக்கு அரைமணி தாண்டிவிடும். குழாயில் தண்ணீர் வருகிற நாள், ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற நேரம் என்று ஓடும் வீட்டில் இது நாலாம் நாளே முறிந்துவிடும்.

முதல் மூன்று வாரம் ஒரு பக்கம் போதும். அதற்காக அரைப் பக்கத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. முதல் அரைப் பக்கத்தில் வருவது பெரும்பாலும் மேல்மண்தான்: கொசுக்கடி, கரண்ட் கட், இடுப்பு வலி. அது தீர்ந்த பிறகுதான் அடியில் கிடப்பது வரும். வேளை வாய்க்கும்போது ஒன்றரைப் பக்கம், இரண்டு பக்கம் என்று ஏற்றிக்கொள்ளலாம்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சுற்றுகிற கணக்கையும் நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் இதழில் வெளியானது. ஒரு செயல் தானாக நடக்கிற பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போயிற்று. இன்னொன்றும் அதில் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏதுமில்லை. ஆகவே கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் ஈடுகட்ட இரட்டிப்பாக எழுதுவது வீண். அந்த இரட்டைச் சுமைக்குப் பயந்துதான் மூன்றாம் நாளும் விட்டுப்போகும்.

நாலு மணி மோகம்

பிரம்ம முகூர்த்தத்தில் எழுதினால்தான் பலன் என்று தூக்கத்தில் ஒன்றரை மணி நேரத்தை வெட்டிவிட்டு உட்காருவது கோட்டித்தனம். மனத் தெளிவுக்காகச் செய்கிற வேலைக்கு, தெளிவைத் தருகிற தூக்கத்தையே பலி கொடுப்பதாக ஆகிவிடும். தூங்கி எழுந்ததும் பதினைந்து முப்பது நிமிஷத்துக்கு ஒரு மந்தம் இருப்பது இயல்பு. உள்ளே இருக்கிற திருத்தல்காரர் அப்போது முழுசாக விழித்திருக்க மாட்டார். அது எழுத்துக்கு நல்லதுதான். தூக்கம் போதாமல் எழுந்தவருக்கோ அந்த மந்தம் நீண்டு, பக்கத்தின் மேலேயே கண் சொக்கும்.

காலை என்பதற்குக் கடிகாரக் கணக்கு வேண்டாம். கூடங்குளத்தில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் மதியம் இரண்டு மணிக்கு எழுந்தால், அவருக்கு அதுதான் காலை. முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பீடித் தட்டை மடியில் வைக்கிற பெண்களுக்கு, தட்டை எடுப்பதற்கு முந்தைய பத்து நிமிஷம்தான் கையில் கிடைக்கிற காலை. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு வேலையின் வாலில் எழுத்தைக் கட்டிவிடுங்கள்: பல் தேய்த்ததும் நோட்டு, நோட்டு முடிந்ததும் காப்பி. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தால் பாதி மனசு அடுக்களையில் இருக்கும், பாலும் பொங்கிவிடும்.

மார்கழியில் வேறொரு தொல்லை. விடியும் முன்னே கோயில் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தால், எழுதுகிற வரியில் பாட்டு வரி கலந்துவிடும். அந்த மாதத்துக்கு நேரத்தை மாற்ற வேண்டாம், இடத்தை மாற்றினால் போதும். தெருப்பக்கத் தார்சாவை விட்டுப் புறவாசலுக்குப் போய்விடுங்கள்.

போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எழுதும் முன் வாட்ஸ்அப்பைத் திறந்தால், பக்கம் முழுக்க ஊரார் விஷயம்தான் வரும். போனில் அலாரம் வைப்பதுதான் இதற்கு வாசல். ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கிக்கொண்டு, போனை ராத்திரி வேறு அறையில் சார்ஜ் போடுங்கள்.

விலை உயர்ந்த நோட்டு

தோல் அட்டை டைரியைத் திறந்ததும் கை கூசும். ‘இவ்வளவு நல்ல தாளில் இந்தக் குப்பையையா எழுதுவது’ என்று தோன்றிவிட்டால் அந்தப் பக்கம் பாழ். ஸ்டேஷனரி கடையில் ஒரு குயர் நோட்டு கேளுங்கள். ஒரு குயர் என்றால் 96 பக்கம், நாளுக்கு ஒரு பக்கம் வீதம் மூன்று மாதத்துக்கு வரும். இரண்டு குயர் நோட்டு 192 பக்கம். அதை முதலிலேயே வாங்கினால், தீராத தடிமனைப் பார்த்தே சலிப்பு வரும். கோடு போட்டது நல்லது. தேதி அச்சடித்த டைரி வேண்டவே வேண்டாம், விட்டுப்போன நாளின் வெள்ளைப் பக்கம் தினமும் குத்திக்காட்டும்.

பேனா விஷயத்தில் ஒரு குறிப்பு. மெல்லிய தாளில் இங்க் பேனா பின்பக்கம் ஊறும். குற்றாலச் சாரல் வீசுகிற ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் தாள் நமத்துப் போகிறபோது மை இன்னும் படரும். சாதாரண பால் பாயிண்ட் பேனா போதும். அழுத்தி எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்குக் கை வலிக்கும், அவர்கள் ஜெல் பேனாவுக்கு மாறலாம்.

வேலைப் பட்டியலாக மாறுவது

கேஸ் புக் பண்ணணும், கரண்ட் பில் கட்டணும், ஜங்ஷனில் தையல்காரரைப் பார்க்கணும். மூன்றாவது வரியிலேயே நோட்டு பட்டியலாகிவிடும். அவற்றை அடக்கவும் வேண்டாம், அடக்கினால் திரும்பத் திரும்ப வந்து இடறும். பக்கத்தின் வலது ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். வேலை ஞாபகம் வந்தால் இரண்டே சொல்லில் அந்த ஓரத்தில் தள்ளிவிட்டு, விட்ட வாக்கியத்துக்குத் திரும்பிவிடலாம்.

ஒரே புண்ணைச் சொறிவது

இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். மருமகள் மேல் கோபம், வாங்கின கடன், பேசாமல் போன நண்பன் என்று ஒரே விஷயம் ஒரே வார்த்தைகளில் பத்து நாள் வந்தால், எழுத்து பாரத்தை இறக்கவில்லை, ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மனதை உறுத்துவதை எழுதிப் பார்ப்பது பற்றிய ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980-களில் தொடங்கினார். அவருடைய முதல் சோதனையில் எழுதச் சொன்னது நாளுக்கு 15 நிமிஷம், அதுவும் தொடர்ந்து நாலே நாள். மாதக்கணக்கில் எழுதச் சொல்லவில்லை. எழுதி முடித்த கையோடு மனம் கனப்பது சகஜம் என்பதும் இந்த ஆய்வுகளில் தெரிந்தது. பின்னால் அவர் சொற்களை எண்ணிப் பார்த்தபோது, பலன் அடைந்தவர்களின் எழுத்தில் காரணத்தைச் சொல்லும் சொற்களும், புரிதலைக் காட்டும் சொற்களும் நாளாக நாளாகக் கூடியிருந்தன. நம் நோட்டில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ‘ஏன்னா’, ‘அதனாலதான்’, ‘இப்பதான் தெரியுது’ என்பவை வருகின்றனவா? வந்தால் நகர்கிறீர்கள். ‘எப்பவும் இப்படித்தான்’, ‘யாரும் மதிக்கல’ என்பவை மட்டுமே வந்தால் செக்குமாடுதான்.

மூன்று நாள் ஒரே புகார் வந்துவிட்டால், நாலாம் நாள் அந்த ஆளின் வாயால் எழுதுங்கள். மருமகள் பேசுவதாக ஒரு பக்கம். எழுதுகிறபோது வயிறு எரியும், ஆனாலும் அங்கேதான் புதிதாக ஒன்று கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால் அந்த விஷயத்தை ஒரு வாரம் நோட்டுக்குள் விடாதீர்கள். எழுதினால் உடம்பு நடுங்குகிறது, தூக்கமே போய்விட்டது என்ற நிலையில் நோட்டை மூடிவைத்துவிட்டு ஆளிடம் பேச வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

யாராவது படித்துவிடுவார்களோ

பல குடித்தனம் சேர்ந்திருக்கும் வளவு வீட்டில், கூட்டுக் குடும்பத்தில் இந்தப் பயம் நியாயமானது. அந்தப் பயத்தோடு எழுதினால் மறுபடி கட்டுரைத் தமிழ் வந்துவிடும். பெயர்களுக்குப் பதில் ஒற்றை எழுத்து போடுங்கள், கையெழுத்தைக் கிறுக்கலாக விடுங்கள். ரொம்பக் காரமான பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டாலும் ஒன்றும் குறையாது. எழுதும்போதே அதன் வேலை முடிந்துவிட்டது.

உடனே படிப்பதும், படிக்காமலே விடுவதும்

அன்றைக்கு எழுதியதை அன்றைக்கே படித்தால் திருத்தத் தோன்றும். முதல் எட்டு வாரம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பது கேமரன் சொல்வது. அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு நிறப் பேனாவோடு உட்காருங்கள். மூன்று தடவைக்கு மேல் வந்த விஷயத்தை வட்டமிடுங்கள். ஒரே தடவை வந்தும் கண்ணை நிறுத்துகிற வரிக்கு அடிக்கோடு போடுங்கள்.

இரண்டுக்கும் வேலை வேறு. ‘வாடகை’ ஒன்பது இடத்தில் வட்டமாகியிருந்தால், அதைப் பற்றி இனி எழுதிப் பயனில்லை. வீட்டுக்காரரிடம் பேச ஒரு தேதி குறிக்க வேண்டும். ‘குறுக்குத்துறை ஆத்துல துணி அடிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்ச பொறவுதான் சத்தம் கேக்கும்’ என்று என்னவோ ஒரு நாள் எழுதியிருப்பீர்கள், ஏன் எழுதினோம் என்றே ஞாபகம் இருக்காது. படம் வரைகிறவரோ கதை எழுதுகிறவரோ தேடிக்கொண்டிருந்தது அப்படிப்பட்ட வரியாக இருக்கலாம். அதை வேறொரு நோட்டுக்கு மாற்றிவிடுங்கள். காலை நோட்டிலேயே வளர்க்க ஆரம்பித்தால், மறுநாள் காலை ‘நல்ல வரி’ எதிர்பார்த்து உட்கார்ந்து, பழையபடி பத்தாம் வகுப்புக்குப் போய்விடுவீர்கள்.

தீர்ந்த நோட்டின் அட்டையில் ஆரம்பித்த தேதியும் முடித்த தேதியும் போதும். ஐப்பசி மழைக்கு முன் அதைச் சுவரோரத் தரையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள், ஈரச் சுவர் என்றால் கரையான் வந்துவிடும். அடுத்த நோட்டை, பழையதில் பத்துப் பக்கம் மிச்சம் இருக்கும்போதே வாங்கி அதன் அடியில் வையுங்கள். ‘நோட்டு தீந்துட்டு, சாயங்காலம் டவுனுக்குப் போறப்ப வாங்கிக்கிடலாம்’ என்று விட்ட காலையோடு நின்றுபோனவர்கள் நிறையப் பேர்.