ஓடும் படகல்ல, நிற்கும் படகு: காயலில் ஃப்ளை தூண்டிலுக்குக் கயாக் வாங்குவோருக்கு

கயாக் கடைக்குப் போனால் முதலில் காட்டுவது வேகமாக ஓடும் படகைத்தான். ஃப்ளை தூண்டில், அதாவது இறகும் நூலும் கட்டிய இலேசான போலி இரையை (ஃப்ளை) கனத்த லைனின் எடையால் வீசும் தூண்டில், போடுகிறவர் அந்தப் பேச்சில் மயங்க வேண்டாம். மீன் இருக்கும் இடத்துக்குச் சிறிது நேரத்தில் துடுப்புப் போட்டுப் போய்விடலாம். அதன் பிறகு பொழுது முழுக்கப் படகு நிற்க வேண்டும். அதுவும் சத்தமின்றி, நாம் அதன்மேல் எழுந்து நின்று வீசும்படி நிற்க வேண்டும். எந்தக் கயாக் நன்றாக நிற்கிறதோ அதையே வாங்குங்கள்.

நான் தூண்டில் போடுவது டெக்சாஸில், கார்பஸ் கிறிஸ்டிக்குத் தெற்கே பாட்ரே தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளும் லகுனா மாத்ரே காயலில். கடலைவிட உப்புக் கூடிய நீர். சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். பல இடங்களில் முழங்காலுக்குக்கூட வராது. அடியில் கடற்புல். அந்தப் புல்லில் தலையைக் கவிழ்த்து நண்டும் இறாலும் தேடும் ரெட்ஃபிஷ்தான் எங்கள் இலக்கு. நம் ஊர்க் கத்தாளையின் குடும்பம் அது. மேயும்போது வால் நீருக்கு மேலே எழும்பும். செம்பு நிறம், ஓரத்தில் நீலச் சாயல், வாலடியில் ஒரு கரும்புள்ளி. நாற்பது அடி தூரத்தில் அந்தப் புள்ளி கண்ணில் படும் அளவுக்கு மீன் அமைதியாக இருக்கும். துடுப்பு ஒருமுறை படகில் இடித்தால் போதும், மறைந்துவிடும்.

ஆகவே முதல் தேவை அகலம். மேலே உட்காரும் வகைக் கயாக்கில் 34 அங்குலம், பெரிய உடம்புக்காரருக்கு 36. இருபத்தெட்டு அங்குலக் கயாக் அம்பாகப் போகும், ஆனால் அதில் எழுந்து நின்று வீசுவது பெரும்பாலோருக்கு ஆகாது. நீளம் 12 அடி போதும். பத்தடிக்குள் போனால் காற்றில் நேர்கோடு பிடிக்காது. பதினான்கைத் தாண்டினால் காரில் ஏற்றும்போது முதுகு கேட்கும். அகலக் கயாக்குக்கு நீளத் துடுப்பு வேண்டும்: 250 முதல் 260 சென்டிமீட்டர்.

அகலத்துக்கு அடுத்தது தளம். கடையில் இருக்கையின் முன்னால் குனிந்து கையால் தடவிப் பாருங்கள். கொக்கி, கம்பி, திருகுத் தலை, தூண்டில் தாங்கி என்று என்னென்ன நீட்டிக்கொண்டிருக்கிறதோ அத்தனையும் உங்கள் லைனைப் பிடிக்கும். ஃப்ளை தூண்டிலில் இழுத்த லைன் ரீலில் சுற்றாது, காலடியில்தான் வளையம் வளையமாகக் கிடக்கும். மீன் தென்பட்டு வீசும் அந்த நொடியில் ஒரு வளையம் எதிலாவது சிக்கினால் வீச்சு பாதியில் அறுந்துவிடும். துணைக்கருவிகள் நிறைந்த கயாக் விலையும் அதிகம், தொல்லையும் அதிகம். வெறும் தளமே மேல். சிக்குமிடம் எஞ்சினால் பழைய மீன்வலைத் துண்டு ஒன்றை அதன்மேல் விரித்துக் கட்டிவிடுங்கள்.

மிதித்து ஓட்டும் கயாக்கைப் பற்றிக் கேட்பார்கள். ஆழ நீரில் அருமையானது, கை இரண்டும் ஓய்வாக இருக்கும். ஒரு அடி நீரிலோ மிதிபொறி தரையைத் தட்டும், அறுந்து மிதக்கும் புல் அதில் சுற்றிக்கொள்ளும், லைனும் பெடலில் போய் மாட்டும். இந்தக் காயலுக்குத் துடுப்புக் கயாக்தான் என் தேர்வு.

நிறத்தில் சிக்கனம் வேண்டாம். பச்சையும் பழுப்பும் கலந்த மறைநிறக் கயாக் கண்ணுக்கு அழகு, உயிருக்கு ஆபத்து. ஆழமில்லாத இதே நீரில் மோட்டார் படகுகள் பாய்ந்து வருகின்றன. மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள். பழைய கயாக் வாங்கினால் அதைத் தலைகீழாகப் புரட்டி, பின்முனையின் அடிப்பகுதியையும் நீர் வடியும் துளைகளின் உள்விளிம்பையும் பாருங்கள். கான்கிரீட் சரிவில் இழுத்து இழுத்துத் தேய்ந்திருப்பது பின்முனை, வெடிப்பு விட்டிருப்பது துளைகளின் விளிம்பு.

பணம் கொடுக்கும் முன் ஒருமுறை நீரில் இறக்கிப் பார்த்துவிடுங்கள். எழுந்து நில்லுங்கள், தோளுக்கு மேலே பின்னால் திரும்பிப் பாருங்கள், மறுபடி உட்காருங்கள். பிறகு மார்பளவு நீரில் வேண்டுமென்றே விழுந்து, ஏறுங்கள்: வயிற்றைத் தளத்தில் போட்டுக் காலை உதைத்து, உருண்டு, உட்கார வேண்டும். இது வராதவர் தனியே போகக் கூடாது. லைஃப் ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பது சட்டம். உடம்பில் போட்டிருப்பதுதான் பாதுகாப்பு. விசில் அதிலேயே தொங்கட்டும்.

இங்கே எதையும் தீர்மானிப்பது காற்று. கடல் ஏற்ற இறக்கம் இந்தக் காயலில் சிறிது. நீர்மட்டத்தைக்கூடக் காற்றுதான் பெரிதும் ஏற்றி இறக்குகிறது. பெரும்பாலும் தென்கிழக்குக் காற்று. தீவின் ஓரத்தில் பேர்ட் ஐலண்ட் பேசினில் இறங்குகிறீர்கள் என்றால் அந்தக் காற்று உங்களைக் கரையை விட்டு உள்ளே தள்ளும். பாய்ப்பலகை ஓட்டுவோர் அந்த இடத்தைத் தேடி வருவதே காற்றுக்காகத்தான். எனவே விடியலில், காற்று எழும் முன், கரையை ஒட்டித் தெற்கே போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். மணிக்கு 15 மைலைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு சொன்னால், புதியவர் அன்று போக வேண்டாம். குளிர்காலத்தில் வாடைக்காற்று திடீரென வடக்கிலிருந்து திரும்பும். அதற்கு முன்பே கரை சேர்ந்துவிட வேண்டும். பழகுவதற்கு போர்ட் அரான்சஸ் அருகே லைட்ஹவுஸ் லேக்ஸ் நல்ல இடம்: அலையாத்தித் திட்டுகள் காற்றைத் தடுக்கும், வழிக்குறிகள் நட்டிருப்பார்கள்.

மீன் தெரிந்தால் துடுப்பை மெல்ல வைத்துவிட்டு ஊன்றுகோலை எடுங்கள். ஆறேழு அடி ஃபைபர் கோல். கயிற்றால் கயாக்கின் பின்முனையில் இணைத்து, சேற்றில் குத்த வேண்டும். முன்முனை காற்றின் போக்கில் திரும்பி நிற்கும். வீச்சும் அந்தத் திசையிலேயே போகும். இரும்பு நங்கூரம் இங்கே வேண்டாம், அதன் ஓசையே மீனை விரட்டிவிடும். ஆழமான, அலையுள்ள நீரில் மட்டும் பின்முனையைக் கட்டாதீர்கள். அலை பின்புறமாக ஏறிப் படகை நிரப்பும்.

தூண்டில் கோல் எட்டாம் எண் (எண் கூடக்கூடக் கனத்த லைனுக்கானது), நீளம் ஒன்பதடி. மிதக்கும் லைன், ஆனால் வெப்பநாட்டுக்கென்று செய்தது. குளிர்நீர் லைன் டெக்சாஸ் வெயிலில் துவண்டுபோகும். லைனின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நரம்பான லீடர் ஒன்பதடி, முனையில் 16 அல்லது 20 பவுண்டு நரம்பு. ஃப்ளைக்கு, கொக்கி புல்லில் மாட்டாமல் காக்கும் புல்தடுப்பு கட்டாயம். கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிடுங்கள். காற்று அதை எப்போது உங்கள் காதுக்குக் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது.

படகில் நிற்கும்போது வெறுங்காலுடன் நில்லுங்கள். லைனை மிதித்திருந்தால் உள்ளங்காலே சொல்லிவிடும். காலணியில் அது தெரியாது. வலது கைக்காரர் மீனை இடப்பக்க முன்புறத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், கொக்கி தலைக்கு மேலே பறக்காது. உட்கார்ந்து வீசினால் பின்வீச்சை உயர்த்துங்கள், தாழ்ந்தால் நீரில் அடிக்கும். நாற்பது அடி துல்லியமாகப் போட்டால் போதும். மீன் வாய் வைத்ததும் கோலை மேலே தூக்காதீர்கள்; லைனை இடக்கையால் நீளமாக இழுங்கள், கொக்கி ஏறும். உடனே காலடி லைனைப் பார்த்து ஒழுங்காக வெளியே விடுங்கள். ரெட்ஃபிஷ் கயாக்கைத் திருப்பி இழுத்துப் போகும். இழுக்கட்டும், அதிலேயே அது களைக்கும். பக்கத்தில் வந்தபின் கோலைச் செங்குத்தாக வளைத்தால் முனை முறியும். கோலைப் பக்கவாட்டில் சாய்த்து, வலையால் எடுங்கள்.

தரை உறுதியாக இருக்கும் இடத்தில் நான் இறங்கி நடப்பேன். அப்போது கயாக் இடுப்பு பெல்ட்டில் கயிற்றோடு பின்னால் வரும். தடித்த அடியுள்ள காலணி வேண்டும், சிப்பி ஓடு வெட்டும். காலைத் தூக்கி வைக்காமல் தரையில் உரசி நகருங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். மிதித்தால் கொட்டும்.

மீன்பிடி உரிமத்தோடு உப்புநீருக்கான ஒப்புதலும் வாங்க வேண்டும். ரெட்ஃபிஷ் 20 முதல் 28 அங்குலம் வரை, ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று என்பது வழக்கமான வரம்பு. போகும் முன் டெக்சாஸ் பூங்கா, வனவுயிர்த் துறையின் அந்த ஆண்டு விதியைப் பார்த்துவிடுங்கள். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். ஈரக்கையால் பிடித்து, நீரில் நேராகத் தாங்கியிருந்தால் தானே உதறிக்கொண்டு போகும்.

வீடு வந்ததும் நல்ல நீரால் எல்லாவற்றையும் கழுவுங்கள். ரீலின் தடைத்திருகை இறுக்கிவிட்டு மெல்லிய தூறலாக நீர் காட்டுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போய்விடும். உலர்ந்தபின் திருகைத் தளர்த்தி வையுங்கள். கயாக்கின் வடிகால் மூடியைக் கழற்றி, பின்முனை தாழ இருக்கும்படி நிழலில் சாய்த்துவிட்டால் உள்ளே தேங்கிய நீர் இரவுக்குள் வடிந்துவிடும்.