குழுவுக்கு முதலில் ஒரே ஒரு எண்ணெய்: வெட்பாலை

மகளிர் குழுவுக்கு மூலிகைப் பயிற்சி என்றதும் இருபது மருந்தைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டார், குலசேகரம் பக்கம் நான் நடத்தும் வகுப்பில் முதலில் வெட்பாலை மரத்தின் இலையைப் போட்டுச் செய்கிற எண்ணெய் மட்டும்தான். பொடுகுக்கும் தோல் அரிப்புக்கும் மேலே பூசுவது. அடுப்பே வேண்டாம், வெயில் போதும். உள்ளுக்குக் குடிக்கிற எதையும் நான் தொடுவதில்லை.

மாதம் பார்த்து வகுப்பு வையுங்கள். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வெட்பாலையோ இலை உதிர்த்துவிட்டுக் கோடையில்தான் துளிர்க்கும். அதனால் சித்திரை தோது. மத்தியானத்துக்கு மேல் இடி முழங்கினால் பாத்திரத்தை உள்ளே எடுக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

மரத்தடியில் தொடங்குங்கள். குடசப்பாலை என்கிற வேறு மரமும் பார்க்க இப்படித்தான், கிள்ளினால் அதிலும் பால் வடியும். காயைப் பாருங்கள்: வெட்பாலையின் இரட்டைக் காய் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், குடசப்பாலையில் பிரிந்து தொங்கும். ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து வித்தியாசத்தைச் சொல்லச் சொல்லுங்கள். சும்மா தலையாட்டுகிறவர்களை நம்ப வேண்டாம்!

நான் வைக்கிற அளவு, அரை லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்குக் கால் கிலோ இலை. இலையை அலசி, உதறி, நிழலில் துணிமேல் பரப்பி ஈரம் போக விடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பூஞ்சை பிடிக்கும். பாத்திரத்திலும் சொட்டுத் தண்ணீர் கூடாது. கத்தி வேண்டாம், இரும்பு படக்கூடாதென்று பெரியவர்கள் சொல்வார்கள். கையால் கிள்ளிப் போட்டாலே போதும். இலை முழுக்க எண்ணெயில் மூழ்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வையுங்கள். அந்தியில் உள்ளே எடுங்கள்.

பெண்கள் ஆளாளுக்கு வந்து எட்டிப்பார்ப்பது இதற்குப் பிறகுதான். எண்ணெய் மெல்லச் சிவந்து, கறுத்து, ஒரு வாரம் நல்ல வெயில் பட்டால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கும்போது கத்தரிப்பூ நிறத்தில் தெரியும். அதுதான் பதம். பச்சையாகவே நின்றால் வெயில் போதவில்லை, இல்லையென்றால் இலையே வேறு. வடிகட்டி, காய்ந்த குப்பியில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டுங்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுக்கச் சொல்லுங்கள். புண்மேல் பூசக்கூடாது.

"எக்கா, காமாலைக்குக் கீழாநெல்லி சொல்லித்தாங்களேன்" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கீழாநெல்லியை அடையாளம் காட்டுவேன். மருந்தாகச் சொல்லித்தர மாட்டேன். காமாலைக்குக் காரணம் பல, ரத்தப் பரிசோதனை இல்லாமல் தெரியாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன்.

அடுத்த கேள்வி, "இதை விக்கலாமா?" வீட்டுக்குச் செய்துகொள்ளத் தடையில்லை. மருந்தென்று சொல்லி விற்பதற்குச் செய்தால் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். குப்பி வாங்கப் பணம் வசூலிக்கிறதுக்கு முன்னாலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.